மனம் ஓடுகிறதா? ஓட ஒரு பாதை கொடுங்கள்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு 36 வயது. வேலைக்குப் போகிறேன், இரண்டு பிள்ளைகள். ஐந்து வேளைத் தொழுகையை விட்டதில்லை, தினமும் கொஞ்சமாவது குர்ஆன் ஓதிவிடுவேன். ஆனால் ஸலாம் கொடுத்துத் திரும்பினால் எந்த சூரா ஓதினேன் என்றே நினைவில்லை. மனசு கேட்காமல் சில நாள் அதே தொழுகையை மறுபடி தொழுகிறேன். தியானம் பழகலாம் என்று போனில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடி மனதைக் காலியாக்கச் சொன்னது, மூன்று நிமிடம் கூடத் தாங்க முடியவில்லை. அது நம் மார்க்கத்தில் இல்லாத விஷயம் என்று அக்கா கண்டித்தார். நம்மிடம் இதுபோல ஏதாவது இருக்கிறதா? இருந்தால், காலையிலிருந்து இரவு வரை ஓடிக்கொண்டே இருக்கும் ஒருத்தி அதை எப்போது, எப்படிச் செய்வது? என் வணக்கமெல்லாம் வெறும் நடிப்போ என்று சில இரவுகளில் பயமாக இருக்கிறது.

பதில்:

வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. உங்கள் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே எதைச் சொன்னாலும் அது உங்கள் மீது இன்னொரு சுமையாகத்தான் விழும்.

இதே பயத்தோடு ஒருவர் தெருவில் நடந்து போயிருக்கிறார். ஹன்ழலா (ரலி), நபி (ஸல்) அவர்களின் எழுத்தர்களில் ஒருவர். எதிரே வந்த அபூபக்ர் (ரலி) எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், "ஹன்ழலா நயவஞ்சகனாகி விட்டான்" என்றார். நபியவர்களின் அருகில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண் முன்னால் தெரிவதுபோல இருக்கிறது, வீட்டுக்குப் போய் மனைவி, பிள்ளைகள், பிழைப்பு என்று ஆனதும் நிறைய மறந்துபோகிறது, இதுதான் அவருடைய வருத்தம். அபூபக்ர் அதைக் கேட்டு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் ஆகிறது என்றார்! இருவரும் சேர்ந்து நபியவர்களிடம் போனார்கள். என்னிடம் இருக்கும் நிலையிலேயே நீங்கள் எப்போதும் இருந்தால் வானவர்கள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து கைகொடுப்பார்கள், ஆனால் ஹன்ழலாவே, இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்று நபியவர்கள் மூன்று முறை சொன்னதாக முஸ்லிம் என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வருகிறது. ஹன்ழலாவின் மனதை இழுத்தது எது என்று பாருங்கள், குடும்பமும் பிழைப்பும்தான். உங்கள் மனதை இழுப்பதும் அதுவே. நடிக்கிறவருக்கு இந்தப் பயம் வராது சகோதரி.

அடுத்து, தொழுகையை மறுபடி தொழுவது. நான் மனநல ஆலோசகர், மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை, அதற்கு நீங்கள் நம்பும் ஓர் ஆலிமிடம் கேளுங்கள். தொழுகையில் மனம் அலைந்ததால் நன்மை குறையலாம், அதற்காகத் தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து என்று அவரும் சொல்வார். என் வேலையின் பக்கத்திலிருந்து நான் சொல்ல வேண்டியது வேறு. ஒரு சந்தேகம் வந்து, அதைத் தணிக்க ஒரு செயலை மறுபடி செய்தால், அப்போதைக்கு நிம்மதி வரும், அடுத்த முறை சந்தேகம் இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாக வரும். இன்று இரண்டு தடவை தொழுபவர் சில மாதங்களில் உளூவை (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதை) நாலு தடவை செய்யும் நிலைக்குப் போய் என்னிடம் வருவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இன்றிலிருந்தே நிறுத்துங்கள். ஷைத்தான் தொழுகைக்கும் ஓதலுக்கும் குறுக்கே வந்து குழப்புகிறான் என்று உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) முறையிட்டபோது நபியவர்கள் கொடுத்த வழி சின்னது: அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடு, இடப்பக்கம் மூன்று முறை இலேசாகத் துப்பு. மறுபடி தொழு என்று அவர்கள் சொல்லவில்லை. ஒருவேளை நிறுத்த முயன்றும் முடியவில்லை, நெஞ்சு அடைப்பதுபோல இருக்கிறது என்றால் அது ஈமானின் (இறைநம்பிக்கையின்) பலவீனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அது சிகிச்சை உள்ள ஒரு நோய். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர் உடலுக்கு நோய் வருவதுபோல மனதுக்கும் வரும் என்று சொல்லி, விடாமல் வந்து தொல்லை தரும் எண்ணங்களுக்குத் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதினார்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். நம்மிடம் இருக்கிறது, பெயர் தஃபக்குர். ஃபிக்ர் என்றால் சிந்தனை, அதிலிருந்து வந்த சொல். குர்ஆன் வசனங்களில் ஆழ்ந்து யோசிப்பதற்கு ததப்புர் என்று இன்னொரு சொல், தன் நாளைத் தானே கணக்குப் பார்ப்பதற்கு முஹாஸபா. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம்முடைய இஹ்யா என்ற நூலின் 40 பகுதிகளில் ஒன்றை முழுக்க தஃபக்குருக்கே கொடுத்திருக்கிறார். நபித்தோழர் அபுத் தர்தா (ரலி) அதிகமாகச் செய்த வணக்கம் எது என்று அவருடைய மனைவியிடம் கேட்டபோது அவர் சொன்ன பதிலும் இதுதான், சிந்திப்பதும் அதிலிருந்து படிப்பினை பெறுவதும்.

உங்கள் செயலி சொன்னதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பிரச்சினையின் நடுவிலேயே இருக்கிறது. அது மனதைக் காலியாக்கச் சொன்னது. உங்களால் முடியவில்லை. உங்கள் மனம் நாள் முழுக்க பத்து விஷயங்களைத் தூக்கிக்கொண்டு ஓடப் பழகிய மனம், அதைச் சும்மா உட்கார் என்றால் எப்படி உட்காரும்? தஃபக்குர் மனதைச் சும்மா இருக்கச் சொல்வதில்லை. ஒரு பொருளைக் கையில் கொடுத்து, இதைப் பிடித்துக்கொண்டு இது எங்கே கொண்டுபோகிறதோ அதுவரை போ என்கிறது. ஆலு இம்ரான் சூராவின் 190, 191ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். அறிவுடையவர்கள் நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைப்பார்கள், வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதைச் சிந்திப்பார்கள், பிறகு அவர்கள் வாயிலிருந்து வருவது: எங்கள் இறைவா, இதை நீ வீணாகப் படைக்கவில்லை. முதலில் திக்ர் (இறைநினைவு), அப்புறம் ஃபிக்ர், கடைசியில் துஆ (வேண்டுதல்). எங்கேயும் காலி இடமே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நின்றும் இருந்தும் படுத்தும் என்று மனிதன் இருக்கக்கூடிய எல்லா நிலையும் அதில் வந்துவிட்டது. தனி அறை வேண்டாம், தனி நேரம் வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம். உளூ கூட நிபந்தனை இல்லை, அதனால் மாதத்தில் தொழுகை இல்லாத அந்த நாட்களில் மார்க்கத்தோடு தொடர்பே அறுந்துபோனதுபோல உணரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அக்கா சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சை மெதுவாக விட்டு உடம்பின் படபடப்பை அடக்குவது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், தலைவலிக்கு நெற்றியை அழுத்திவிடுவதுபோல. அதில் வேறு மத மந்திரமோ நம்பிக்கையோ கலக்காத வரை அதைக் குற்றமாகப் பார்க்க நான் காரணம் காணவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டு அதையே தஃபக்குர் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கோபத்தில் இருப்பவர் நின்றால் உட்காரட்டும், அதிலும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்று நபியவர்கள் சொன்னார்கள், உடம்பை அடக்கினால் மனம் அடங்கும் என்பது நமக்குத் தெரியாத செய்தி இல்லை. அதனால் அக்காவிடம் சண்டை போடாதீர்கள், அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்.

எப்படிச் செய்வது? சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி, 2021இல் காலமானவர், இதைப் படிப்படியாக விளக்கியிருக்கிறார். ஒரு பொருளைப் பார்க்கிறோம், கேட்கிறோம், தெரிந்துகொள்கிறோம், இது முதல் படி. அதன் அழகையோ நுட்பத்தையோ கண்டு வியக்கிறோம், இது இரண்டாவது, இது வரை எந்த மதத்தவருக்கும் மதமே இல்லாதவருக்கும் கிடைக்கும். மூன்றாவது, அந்த வியப்பைப் படைத்தவனோடு இணைக்கிறோம், இங்கேதான் அது தஃபக்குர் ஆகிறது. இது நாள்பட்டுப் பழகிவிட்டால் எதைப் பார்த்தாலும் மனம் தானாகவே அங்கே போய் நிற்கும்.

உளூவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சில தடவை உங்கள் கையில் தண்ணீர் விழுகிறது, அந்த நேரத்தில் மனம் முடிக்காத வேலையில் இருக்கிறது. வாகிஆ சூராவின் 68 முதல் 70 வரை மூன்று வசனங்கள் உண்டு. நீங்கள் குடிக்கும் தண்ணீரைப் பார்த்தீர்களா, மேகத்திலிருந்து அதை இறக்கியது நீங்களா, நாமா, நாம் நாடினால் அதை உப்புக் கரிக்கச் செய்திருப்போம், நீங்கள் நன்றி செலுத்த வேண்டாமா என்று கேட்கின்றன. இதோடு பள்ளிக்கூடத்தில் படித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூமியில் உள்ள தண்ணீரில் சுமார் 97 சதவீதம் கடல், வாயில் வைக்க முடியாத உப்பு. மழையாக வரும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் கடலிலிருந்தே ஆவியாகி மேலே போகிறது, போகும்போது உப்பைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறது. அது மட்டும் நடக்காமல் இருந்தால்? இந்தக் கேள்வியோடு முழங்கை வரை தண்ணீரை ஓட்டுங்கள். ஒரு நிமிடம் கூட அதிகமாக ஆகாது. உளூ செய்பவரின் பாவங்கள் தண்ணீரோடு, கடைசிச் சொட்டோடு வெளியேறுகின்றன என்ற ஹதீஸும் உண்டு, ஒரு நாள் அதை நினைத்துக்கொண்டு செய்யுங்கள், முகத்தைக் கழுவும்போது இன்று இந்தக் கண் எதைப் பார்த்தது, கையைக் கழுவும்போது இந்தக் கை எதைச் செய்தது என்று. எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

தொழுகைக்குள்ளே? எல்லா ரக்அத்தையும் (தொழுகையின் சுற்றுகளையும்) ஒரே நாளில் சரிசெய்யப் போகாதீர்கள். குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் முதல் ரக்அத்தின் ஃபாத்திஹா. தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே பாதியாகப் பங்கிட்டிருக்கிறேன் என்று அல்லாஹ் சொல்வதாக ஹதீஸ் குத்ஸி ஒன்று முஸ்லிமில் இருக்கிறது. நீங்கள் அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன் என்றதும் என் அடியான் என்னைப் புகழ்ந்தான் என்கிறான். இய்யாக நஃபுது வஇய்யாக நஸ்தஈன் (உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி தேடுகிறோம்) என்றதும், இது எனக்கும் என் அடியானுக்கும் இடையே உள்ளது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு என்கிறான். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் வருகிறது! நாம் அந்தப் பதிலுக்கு இடமே விடாமல் ஒரே மூச்சில் ஓதி முடித்துவிடுகிறோம். நபியவர்கள் வசனம் வசனமாக நிறுத்தி ஓதுவார்கள் என்று அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் நிறுத்துங்கள், ஒரு மூச்சு அளவுக்கு. அந்த இடைவெளியில் பதிலை நினையுங்கள். ஒரு தொழுகையில் இந்த ஒரு நிமிடம் கிடைத்துவிட்டால் அன்றைக்குப் போதும். மனம் அதற்குள்ளேயும் ஓடிப்போனால் எந்த வரியில் இருப்பது தெரிகிறதோ அந்த வரியிலிருந்து தொடருங்கள், உங்களைத் திட்டாமல்.

ஸலாம் கொடுத்த பிறகு நம் கை முதலில் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? போனுக்கு. தொழுகையின் விளைவு மனதில் இறங்குவதற்குள் வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. போனை வேறு அறையில் வைத்துவிட்டுத் தொழுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் என்னிடம் வருபவர்களில் இதைச் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசத்தை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஓதுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தினமும் ஓதுவது பெரிய பாக்கியம், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஓதும் பக்கங்களில் ஒரே ஒரு வசனத்தைத் தனியாக எடுங்கள், தர்ஜமாவை (மொழிபெயர்ப்பை) பாருங்கள், அதை ஒரு வாரம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் ஓர் இரவு முழுக்க ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதி விடியும் வரை நின்றதாக அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். மாயிதா சூராவின் 118ஆம் வசனம் அது: நீ அவர்களைத் தண்டித்தால் அவர்கள் உன் அடியார்கள், நீ அவர்களை மன்னித்தால் நீயே மிகைத்தவன், ஞானமிக்கவன். ஒரு வசனத்துக்கு ஓர் இரவு தேவைப்பட்டது என்றால் நமக்கு ஒரு வாரம் ஆவதில் என்ன அவசரம்? எடுத்த வசனத்திடம் கேள்வி கேளுங்கள். இது யாரிடம் பேசுகிறது? இதில் என்னுடைய இன்றைய நாள் எங்கே இருக்கிறது? இது உண்மை என்றால் நாளைக்கு நான் எதை மாற்ற வேண்டும்? ஒரு எச்சரிக்கை, இப்படி யோசிப்பது உங்கள் வாழ்க்கைக்காக. சட்டம் எடுப்பதற்கோ மற்றவருக்கு விளக்கம் சொல்வதற்கோ அல்ல, அதற்குத் தஃப்ஸீரும் (குர்ஆன் விரிவுரையும்) ஆசிரியரும் வேண்டும். அதேபோல அல்லாஹ் எப்படி இருப்பான் என்று அவனுடைய உள்ளமையை நோக்கி மனம் போனால் அங்கே நின்றுவிடுங்கள், படைப்புகளைத்தான் நமக்குச் சிந்திக்கக் கொடுத்திருக்கிறான்.

கடைசியாக இரவு. உங்கள் பயம் வருவது இரவில் என்று எழுதியிருந்ததால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முஹாஸபா என்று கேட்டதும் பலர், குறிப்பாக உங்களைப் போல மனசாட்சி கூர்மையாக உள்ளவர்கள், அன்றைய தவறுகளை வரிசையாக எடுத்துத் தங்களையே அடித்துக்கொள்வதுதான் அது என்று நினைக்கிறார்கள். கஸ்ஸாலி அதை வியாபாரக் கணக்காகச் சொல்கிறார். நீங்கள் முதலாளி, உங்கள் நஃப்ஸ் (உங்கள் மனம்) கூட்டாளி. காலையில் கூட்டாளியிடம் நிபந்தனை பேசுங்கள், பகலில் கண்காணியுங்கள், இரவில் கணக்குக் கேளுங்கள். கணக்கில் முதல் என்பது கடமையான வணக்கங்கள், லாபம் என்பது அதற்கு மேல் செய்த நஃபில், நட்டம் என்பது பாவங்கள். எந்த வியாபாரியும் முதலில் பார்ப்பது போட்ட முதல் பத்திரமாக இருக்கிறதா என்றுதானே? உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஐந்து வேளைத் தொழுகையை விட்டதில்லை என்று. முதல் இருக்கிறது சகோதரி. நீங்கள் நேராக நட்டப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கடையே மூழ்கிவிட்டதாக அழுகிறீர்கள்.

அதனால் படுக்கையில் முதலில் அந்த முதலுக்கு, விடாத தொழுகைக்கு, நன்றி சொல்லுங்கள், அப்புறம் அன்று நடந்த ஒரு நல்லதற்கு, அதற்குப் பிறகு ஒரே ஒரு தவறை எடுங்கள், அதற்கு இஸ்திஃபார் (பாவமன்னிப்புத் தேடுதல்) செய்யுங்கள், பிள்ளையிடம் கத்தியிருந்தால் காலையில் எழுந்ததும் அதற்கு என்ன செய்யப்போகிறேன் என்று முடிவு செய்யுங்கள். அவ்வளவுதான், கணக்கை மூடுங்கள். மேலும் மேலும் தோண்டுவது முஹாஸபா இல்லை, அது கவலை. தூக்கத்தில் அல்லாஹ் உயிர்களைக் கைப்பற்றுகிறான், மரணம் விதிக்கப்பட்டதை நிறுத்திக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறான் என்று ஸுமர் சூராவின் 42ஆம் வசனம் சொல்கிறது. காலையில் எழுந்து துஆ ஓதும்போது, நேற்று இரவு திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் போனைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். ஒரு நாழிகை சிந்தனை 60 ஆண்டு வணக்கத்தை விடச் சிறந்தது என்று ஹதீஸாகவே ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நபியவர்களின் சொல்லாக எடுத்துக்கொள்ள முடியாது, ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தஃபக்குரில் கொஞ்சம் சுவை கண்டதும் தொழுகை வெறும் சடங்கு, சிந்தனைதான் பெரிது என்று பேசத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். போட்ட முதலையே விற்று லாபம் பார்க்க முடியாது.

ஒன்றும் தோன்றாத நாட்கள் வரும், நிறையவே வரும். வாரம் முழுக்க ஒரு வசனத்தை வைத்திருந்தும் வறண்டே கிடக்கும். கண்ணீர் வரவில்லை என்பதை வைத்து எதையும் அளக்காதீர்கள். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிடித்தது என்ற ஹதீஸை நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம், அது இந்த வறண்ட நாட்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் தொழுகையில் மட்டும் இல்லாமல் பிள்ளைகள் சிரித்தாலும், பிடித்தது எதைச் செய்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, தூக்கமும் பசியும் மாறிப்போயிருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால், அது வேறு விஷயம். மருத்துவரிடம் போங்கள், வணக்கத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

முதல் வாரத்துக்கு எந்த வசனம் என்று யோசிக்க வேண்டாம், நானே சொல்கிறேன். ளுஹா சூராவின் மூன்றாவது வசனம்: உம் இறைவன் உம்மைக் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை. வஹீ (இறைச்செய்தி) சில காலம் வராமல் நின்று, நபியவர்கள் வருந்தியிருந்தபோது இறங்கியது. திங்கட்கிழமை உளூ செய்யும்போது எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு இரவு வரை கூட இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து எழுதுங்கள், எதுவும் தோன்றவில்லை என்றாலும் அதையே எழுதுங்கள்.